மேல வீட்டுக் குழு: விசிறியை மாற்றலாமா?

குமரன்: அத்தை வீட்டுச் சாமான்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அடுத்த வாரம் மலையேற வேண்டும். அதற்குள் நம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு இரண்டு மின்விசிறிகளைப் பொருத்திவிடலாம் என்றிருக்கிறேன். விசிறிகள் கைக்கு வந்துவிட்டன.

பெரியப்பா: யாரைக் கேட்டு வாங்கினாய்?

குமரன்: போன தடவை ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டபோது நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள், அப்பா?

அத்தை: என் பீரோ ஏறும் நாளில்தான் இந்தப் பரீட்சையை வைக்க வேண்டுமா?

மாமா: அந்த வண்டியை விற்றுவிடுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, அது அப்பா வாங்கிய வண்டி. விற்கிற பேச்சு இந்தக் குழுவில் வேண்டாம்.

சித்தப்பா: குமரா, விசிறியை மாற்றுவதற்கு முன் இருக்கிற விசிறி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாயா? அதன் நடுவே இருப்பது விஸ்கஸ் கிளட்ச். உள்ளே சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால், கிளட்சின் முகப்பில் இருக்கும் சுருள் தகடு திரும்பி எண்ணெய்க்கு வழிவிடும்; அதன் பிறகுதான் விசிறி இறுகிக்கொண்டு என்ஜினோடு வேகமாகச் சுற்றும். எண்ணெய் கசிந்துபோயிருந்தால் எவ்வளவு சூடானாலும் அது இறுகாது. ஏற்றத்தில் முன்பெல்லாம் பேரிரைச்சல் கேட்குமே, போன தடவை கேட்டதா?

பெரியப்பா: கேட்கவில்லை. வண்டி அமைதியாக ஏறுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சித்தப்பா: அந்த அமைதிதான் நோய், அண்ணா. என்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, விசிறியைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். இறுக்கம் தெரிய வேண்டும்; எந்தத் தடையும் இல்லாமல் பல சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது என்று பொருள்.

நித்யா: அப்பா, கிளட்ச் போயிருந்தால் மின்விசிறிக்கு மாற இதைவிட நல்ல நேரம் ஏது? லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியரில், பாறைகளின் மேல் ஊர்ந்து போகும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். மின்விசிறிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓடையைக் கடக்கும்போது அணைத்தும் வைக்கலாம். வேகமாகச் சுற்றும் விசிறி தண்ணீரில் மூழ்கினால் இறக்கைகள் முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

குமரன்: என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

மாமா: அந்த ஓடையில் சிக்கிய நாளில், வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்து மீட்கும் வின்ச் இருந்திருந்தால் நாம் இரவெல்லாம் நனைந்திருக்க மாட்டோம். அதை இரவல் கொண்டுபோனவர் யார் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது.*

அத்தை: வின்ச்சை விடுங்கள். என் சாமான்கள் மேலே போய்ச் சேருமா?

சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன், அக்கா. நித்யா சொல்வது ஊர்ந்து போகிற வண்டிக்குச் சரி. நாம் செய்யப்போவது பாரம் இழுத்துக்கொண்டு ஏறுவது. வண்டியின் வேகம் குறைவாகவும், எதிர்க்காற்று சொற்பமாகவும், என்ஜின் மட்டும் உச்சத்திலும் இருக்கும் வேலை அது. சுழற்சி இரண்டு மடங்கானால் விசிறி வாங்கும் திறன் எட்டு மடங்காகும் என்பது கணக்கு. அதனால் இறுகிய என்ஜின் விசிறி பல குதிரைத்திறனை விழுங்கினாலும், அதற்கு ஈடாகக் காற்றை அள்ளித்தரும். குமரா, உன் விசிறிகள் ஒவ்வொன்றும் 30 ஆம்பியர் இழுத்தாலும், 14 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 840 வாட்தான். 746 வாட் ஒரு குதிரைத்திறன் என்றால் நீயே ஒப்பிட்டுக்கொள்.

குமரன்: மின்விசிறி பொருத்தப்பட்ட கார்கள் எல்லாம் மலையேறாமலா இருக்கின்றன?

சித்தப்பா: ஏறுகின்றன. அவற்றின் ரேடியேட்டரும், விசிறியைச் சுற்றியுள்ள கூடும், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைக்கப்பட்டவை. நம் பழைய ஆல்டர்னேட்டர் ஐடிலில், வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது, எவ்வளவு தரும்? விசிறிகளோடு விளக்கும் ஏசியும் சேர்ந்தால் மீதியை பேட்டரிதான் கொடுக்க வேண்டும்.

நித்யா: மாற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கவனி, குமரா. ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஒரு ஃப்யூஸ் என்று தனித்தனியாக வை. டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக விசிறியின் மின்சாரத்தை நேரடியாகக் கொண்டுபோகாதே, சுவிட்ச் உருகிவிடும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் இன்னும் அதிகம் இழுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆக விடாதே. ஏசி போட்டவுடன் ஒரு விசிறியாவது ஓட வேண்டும், இல்லையென்றால் நின்ற இடத்தில், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் சூடாகிவிடும்.

குமரன்: விசிறியை 80 டிகிரியிலேயே ஓடவிட்டால் சூடே ஏறாதல்லவா?

நித்யா: ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் நம் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில்தான் திறக்கவே தொடங்கும். அதற்குக் கீழே வைத்தால் என்ஜின் ஓடும்வரை விசிறி நிற்காது. 95 வாக்கில் ஓடி 90 வாக்கில் நிற்கும்படி வை.

சித்தப்பா: ரேடியேட்டரின் நடுவே பிளாஸ்டிக் பட்டையைக் குத்தி விசிறியைக் கட்டிவிடாதே, அதிர்வில் அது குழாயை அறுக்கும். முழு முகத்தையும் மூடும் கூடு வேண்டும், இல்லாவிட்டால் இறக்கைக்கு நேரான வட்டம் மட்டுமே குளிரும்.

பெரியப்பா: தட்டிப் பார்த்தேன். ராட்டினம் மாதிரி ஓடுகிறது. கிளட்சைச் சுற்றி எண்ணெயில் ஒட்டிய தூசி வரிவரியாக இருக்கிறது.

சித்தப்பா: புதுக் கிளட்ச் வாங்கினால் போதும், அண்ணா. சாமான்கள் போய்ச் சேரட்டும், மின்விசிறியைப் பிறகு பேசலாம்.

குமரன்: வாங்கி வைத்ததை நான் என்ன செய்வது?

மாமா: எதற்கும் ஒரு லாரிக்குச் சொல்லிவைக்கிறேன்.

அத்தை: நீங்கள் சும்மா இருங்கள். அண்ணா, கிளட்சை யார் வாங்கப் போகிறீர்கள்?

பெரியப்பா: விசிறியை வாங்கியவனே வாங்கட்டும்.

குமரன்: சித்தப்பா, கழற்றும் நட் எந்தப் பக்கம் திரும்பும்?

சித்தப்பா: சில வண்டிகளில் இடப்பக்க மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் மரை, இருக்கும்; வலுவாகத் திருகி உடைத்துவிடாதே. படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.