‘உம்’ வந்தாலே தொடர்நிலைத் தொடரா?

தக்கலை டீச்சர்:
ஆறாம் வகுப்பில் தனித்தொடர், தொடர்நிலைத் தொடர் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் ‘உம்’மைத்தான் தேடுதுவ. “அம்மா சாளையும் நெத்திலியும் வாங்கினாள்” தொடர்நிலையாம். “நாளை மழை வரும்” என்பதிலும் ‘உம்’ இருக்கே என்கிறான் ஒருவன். எங்கிருந்து தொடங்கலாம்?

குழித்துறை தமிழாசிரியர்:
டீச்சர், இணைப்புச் சொல் பட்டியலை முதல் நாளே கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பயனிலையை, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் சொல்லை, எண்ணச் சொல்லுங்க. ஒன்று என்றால் தனித்தொடர், ஒன்றுக்கு மேல் என்றால் தொடர்நிலைத் தொடர். எழுவாய் எத்தனை, செயப்படுபொருள் எத்தனை என்பது கணக்கிலேயே வராது. மீன் இரண்டு, ‘வாங்கினாள்’ ஒன்று, ஆக, தனித்தொடர். “அண்ணனும் தம்பியும் வடசேரிச் சந்தைக்குப் போனார்கள்” என்பதும் அப்படியே.

தமிழில் ‘உம்’ இரண்டு வினைமுற்றுகளை இணைக்காது. ‘வந்தானும் போனானும்’ என்று யாரும் சொல்வதில்லையே! ‘வரும்’ குழப்பத்துக்கு ‘உம்’மை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்க: ‘சாளை’ நிற்கும், ‘வர்’ நிற்காது.

கருங்கல் அக்கா:
சார் சொன்னதோடு ஒன்று. வினைமுற்றை மட்டும் எண்ணினால் “இது செவ்வாழை, அது மட்டி” (மட்டியும் ஒரு வாழைப்பழம்) என்பதில் பிள்ளைகள் முழிக்கும். அங்கே பெயரே பயனிலை.

வகுப்பில் செய்ய: பத்துத் துண்டுச் சீட்டில் பத்துத் தனித்தொடர். இரண்டிரண்டாக எடுத்து ஒட்டச் சொல்லுங்க. “கடல் கொந்தளித்தது”, “வள்ளம் இறங்கவில்லை” என்றால் நடுவில் ‘ஆகையால்’. இரண்டாவது சீட்டு “வள்ளம் இறங்கியது” என்றிருந்தால் ‘ஆனாலும்’. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘ஆகையால்’ போடும், ‘ஏன்?’ என்று கேட்டு, முதல் சீட்டு அதற்கு விடையாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் சரியாகும். ‘அல்லது’வையும் நம்பவேண்டாம்: “மட்டி அல்லது ஏத்தன் வாங்கு” (ஏத்தன் என்பது நேந்திரன் வாழை) தனித்தொடர்தான்.

தக்கலை டீச்சர்:
“அப்பா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார்”? “மழை வரும் என்று அப்பா சொன்னார்” என்பதில் முற்று இரண்டு இருக்கே?

குழித்துறை தமிழாசிரியர்:
முதலாவதில் ‘போய்’, ‘வாங்கி’ இரண்டும் எச்சம். அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் தொங்கும். பயனிலை ‘வந்தார்’ ஒன்றே, தனித்தொடர். எச்சத்தைத் துணைத்தொடராகக் கொள்கிறவர்களும் உண்டு. ஆறாம் வகுப்புக்கு அந்தத் தகராறு வேண்டாம்.

இரண்டாவது நல்ல கேள்வி, வெறும் எண்ணிக்கை அங்கேதான் சறுக்கும். ‘வரும்’ பக்கத்தில் புள்ளி வைத்தால் மிச்சம் “என்று அப்பா சொன்னார்”. அது தனியே நிற்காது. இரண்டு துண்டும் தன்காலில் நின்றால்தான் தொடர்நிலை. இது கலவைத் தொடர், அதாவது ஒரு முதன்மைத் தொடரோடு துணைத்தொடர் சேர்ந்தது. “மழை பெய்தால் பால்வெட்டு நடக்காது” (ரப்பர் பால்வெட்டு) என்பதிலும் ‘மழை பெய்தால்’ துணைத்தொடர், ஆக அதுவும் அந்த வகையே. இவற்றைக் கலவைத் தொடர் பாடம் வரும்வரை பயிற்சித்தாளில் சேர்க்காதீங்க.