சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்கு நாளொன்றுக்கு 10,000 அடி தேவையா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், தம்பி அவருடைய கைப்பேசியில் அடிகளை எண்ணும் செயலியை நிறுவி, 10,000 என்று இலக்கும் வைத்துக் கொடுத்தான். இரவு ஒன்பது மணிக்கு எண் குறைவாக இருந்தால், அப்பா கூடத்துக்கும் வாசலுக்குமாக வேகவேகமாக நடந்து கணக்கை முடிக்கப் பார்க்கிறார். மறுநாள் முழங்கால் வலி என்று வெளியே கிளம்புவதே இல்லை. இந்த இலக்கு அவசியம்தானா? கைப்பேசியை வேறு எப்படிப் பயன்படுத்தினால் அவர் தொடர்ந்து நடப்பார்?

பதில்: மாடித்தோட்டம்

அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்த வேளையில், 1965இல் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் கருவியான அடிமானி ஒன்று பத்தாயிரத்தைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. அதுவே உலகெங்கும் இலக்காகப் பரவியது. சராசரியாக 72 வயதுடைய அமெரிக்கப் பெண்களிடம் ஆய்வாளர் ஐ-மின் லீ குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. அதைக் கொண்டே உங்கள் அப்பாவுக்கு ஓர் எண்ணை வகுத்துவிட முடியாது என்றாலும், பத்தாயிரத்தை எட்டாத நாள் வீணான நாள் என்று அவர் வருந்தத் தேவையில்லை என்பது உறுதி. ஒரு வாரம் இலக்கே வைக்காமல் செயலியை எண்ணவிட்டு, கிடைக்கும் சராசரியோடு ஐந்நூறு அடியைக் கூட்டி அதையே இலக்காக வையுங்கள். அது பழகிய பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

பதில்: இயன்முறை மருத்துவர்

நான் கவலைப்படுவது எண்ணிக்கையைப் பற்றியன்று, அந்த ஒன்பது மணி நடையைப் பற்றித்தான். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு இரவில் மொத்தமாக நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது முழங்காலுக்கும் இதம், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கும் நல்லது. ஆகவே இலக்கை அடிகளில் வைக்காமல், அந்த மூன்று வேளைக்கும் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. போதுமான வேகத்துக்கு அதுவே அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்கிறது. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கு மிக நல்லது. ஆனால் எந்தச் செயலியும் அதை ஓர் அடியாகக்கூட எண்ணுவதில்லை. மூட்டில் வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறுங்காலோடு நடக்கவிட வேண்டாம்; நடந்து வந்ததும் பாதத்தில் கொப்புளமோ புண்ணோ உண்டா என்று பார்க்க வேண்டும். சில மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால், அவர் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருப்பது நல்லது.

பதில்: கொள்ளிடம்

செயலியைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 537 ஆண்களிடம், சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் கைப்பேசிக் குறுஞ்செய்திகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2013இல் வெளியிட்டார்கள். உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. உங்கள் அப்பாவுக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டதால் அந்த முடிவு அவருக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் தவறாமல் வரும் சிறு நினைவூட்டலுக்கு வலிமை உண்டு என்று நான் நம்புகிறேன். தம்பி வெளியூரில் இருந்தால், மாலையில் அப்பாவை அழைத்து, இருவரும் அவரவர் தெருவில் நடந்துகொண்டே பேசட்டும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. தம்பி கோவையில்தான் இருக்கிறான். இரவு உணவுக்குப் பிறகான பத்து நிமிடத்துக்கு அவனையே அழைக்கச் சொல்கிறேன். முழங்காலை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட்டு, நாற்காலிப் பயிற்சியை எத்தனை முறையிலிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டு வருகிறோம்.