இரட்டை விண்மீன்: உடைந்தது வட்டா, மேகமா?

வட்டுக்கட்சி:
இரட்டை விண்மீன்கள் பிறப்பது குழந்தை விண்மீனைச் சுற்றும் வாயு-தூசி வட்டு உடைந்தா, அதற்கு முன்பே வாயு மேகம் உடைந்தா? எல்1448 ஐஆர்எஸ்3பி என்ற விண்மீன் தொகுதியைப் பார்த்த பிறகும் இதில் என்ன சண்டை? பெர்சியஸ் என்ற வாயு மேகத்தில் மூன்று குழந்தை விண்மீன்கள். 2016-ல் வந்த ஆல்மா ரேடியோ தொலைநோக்கிப் படத்தில் வட்டின் சுருள்கை தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது விண்மீன் அந்தக் கையிலேயே, மற்ற இரண்டிலிருந்து 183 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம் 1 அலகு) தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வட்டின் நிறை சூரியனில் ஏறக்குறைய 0.3 பங்கு. வட்டு நிலைக்குமா உடையுமா என்று சொல்லும் டூம்ரே எண் என்ற விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒலிவேகமும் சுழற்சியும், கீழே ஈர்ப்பும் பரப்படர்த்தியும் (ஒரு சதுரப் பரப்பில் உள்ள நிறை). 1-க்குக் கீழே இறங்கினால் வட்டு தன் எடையிலேயே கட்டி தட்டும்.

முகில்வாசி:
எண் இறங்கினால் மட்டும் போதாது. கட்டி சுருங்கினால் சூடேறும். அந்தச் சூட்டை ஏறக்குறைய அரைச் சுற்றுக்குள் வெளியே விடாவிட்டால் மறுபடி உப்பிக் கரைந்துவிடும். உள்வட்டில் தூசி கம்பளி மாதிரி மூடியிருப்பதால் அங்கே இது நடப்பது கஷ்டம். நீங்கள் காட்டும் ஆய்வே உடையக்கூடிய பகுதி 150 முதல் 320 அலகு என்றுதான் கணக்கிட்டது. 61 அலகு இடைவெளியில் இருக்கிற உள்ஜோடியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வட்டுக்கட்சி:
பிறந்த இடத்திலேயே கிடக்க வேண்டுமா என்ன? வாயு கோண உந்தத்தை, அதாவது சுற்றும் உந்தத்தை, பிடுங்கிக்கொண்டால் உள்ளே நகரும்.

முகில்வாசி:
சரி, மேகத்தில் பிறந்ததும் அப்படி நகரலாமே! அதே பெர்சியஸில் குழந்தை ஜோடிகளின் இடைவெளியை வரைந்தால் இரண்டு மேடு வருகிறது: 75 அலகு பக்கம் ஒன்று, 3000 பக்கம் ஒன்று. 3000 அலகுக்கு வட்டு ஏது? அது கொந்தளிப்பில் மேகக்கரு (மேகத்தின் அடர்ந்த முடிச்சு) தனித்தனி இடங்களில் சரிந்தது. அகன்ற ஜோடிகளின் துருவங்களில் பீறிடும் வாயுத் தாரைகளும் ஆளுக்கொரு திசையில் பாய்கின்றன. ஒரே வட்டில் பிறந்தவை இணையாக அல்லவா பாய வேண்டும்?

புதுமுகம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வழியில் போகிற இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாதா?

முகில்வாசி:
பிடிக்காது. வந்த வேகத்திலேயே வளைந்து போய்விடும். ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஆள் வேண்டும், இல்லையென்றால் வாயு வேண்டும். விண்மீன்களில் பாதிக்குப் பக்கம் ஜோடியாக இருப்பதற்கு அது கட்டுப்படியாகாது.

வட்டுக்கட்சி:
புனர்பூசத்துக் காஸ்டர் என்ற விண்மீனை எடுங்கள். மூன்று ஜோடி, ஆறு விண்மீன். ஜோடிகள் சுற்ற 9.2, 2.9, 0.8 நாள். இந்த 0.8 நாள் ஜோடி உங்கள் மேகத்தில் எப்படிப் பிறக்கும்? முதலில் திரளும் வாயுப்பந்தின் ஆரமே 5 அலகு, இந்த ஜோடியின் இடைவெளியோ அதைவிடப் பல மடங்கு குறைவு.

முகில்வாசி:
உங்கள் வட்டிலும் பிறக்காது. பிறகுதான் நெருங்கியிருக்க வேண்டும். 3 நாளுக்குக் குறைவாகச் சுற்றும் சூரியன் போன்ற ஜோடிகளில் 96 விழுக்காட்டுக்கு மூன்றாவது துணை உண்டு. சாய்ந்த பாதையில் போகும் அது உள்பாதையை நீள்வட்டமாக இழுக்கிறது. ஜோடி நெருங்கும்போதெல்லாம் ஓத உராய்வு (ஒன்றின் ஈர்ப்பு மற்றதைப் பிசைவதால் வரும் உராய்வு) ஆற்றலைத் தின்று பாதையைச் சுருக்குகிறது.

வட்டுக்கட்சி:
அது பெரும்பாலும் மிக மெதுவான வேலை. 50 லட்சம் ஆண்டு ஆகாத விண்மீன்களிலேயே நெருங்கிய ஜோடிகள் முதிர்ந்தவற்றின் அளவுக்கு இருக்கின்றனவே. வாயு தீருமுன்பே சுருங்கியவைதான் அதிகம்.

முகில்வாசி:
அதை ஏற்கிறேன். பாதைகளின் சாய்வுக் கணக்கிலும் கொஞ்சம் உங்கள் பக்கம் வருகிறது: வெளித்துணை 50 அலகுக்குள் இருந்தால் பாதைகள் ஏறத்தாழ ஒரே தளம், 1000 தாண்டினால் தாறுமாறு. 50-க்குள் உங்களுக்கே எழுதித் தருகிறேன், 1000-க்கு மேல் எனக்கு. நடுவில் கிடப்பதற்குத்தான் வழக்கு.