கெய்சர் காயில் நன்றாகத்தான் இருந்தது, வோல்ட்தான் வந்து சேரவில்லை

ஏற்காட்டிலிருந்து:

நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக்குள்ளே எங்கள் வீடு. மீட்டர் ரூம் ரோட்டோரம் இருக்கிறது, அங்கிருந்து வீட்டுக்கு 120 மீட்டர் ஒயர். போன மார்கழியில் கெய்சரோடு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன், மலைமேல் இருக்கும் யாருக்காவது உதவும்.

25 லிட்டர், 2000 வாட் கெய்சர். அரை மணி நேரம் ஓடிய பிறகும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். நல்ல சூடு வர ஒரு மணிக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு 78 வயது. அந்தக் குளிரில் அவர் தோளில் துண்டோடு காத்து நின்றதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கீழே சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். காயில் போய்விட்டது என்று புதுசு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையும் அதே கதைதான்.

அப்புறம்தான் தம்பியிடம் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து அதில் ஓடும் கரண்டை அளப்பது) வாங்கி நானே பார்த்தேன். முதலில் பூஜ்யம் காட்டியது. முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வ விட்டிருந்தேன். அப்படிச் செய்தால் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மெயினை அணைத்து, பேஸ் ஒயரை மட்டும் பிரித்துக் கவ்வ வைத்து, மறுபடி போட்டதும் 6.4 ஆம்ப்ஸ். அதே நேரம் கெய்சர் முனையில் வோல்ட் 170.

170-ஐ 6.4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26.5 ஓம், அதுதான் காயிலின் மின்தடை. கெய்சரில் ஒட்டியிருக்கும் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தாலும் 26.45 ஓம்தான். அப்படியென்றால் காயிலில் ஒரு குறையும் இல்லை. சந்தேகம் தீர, கொட்டகையில் கிடந்த பழைய காயிலை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தேன். அதுவும் 26 ஓம். நல்ல காயிலைக் கழற்றிப் போட்டிருக்கிறோம். காசு போனதைவிட, பத்து நிமிடத்தில் அளந்து பார்த்திருக்கலாமே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

170-ஐ 6.4-ஆல் பெருக்கினால் 1088 வாட். வோல்ட் கால் பங்குதான் குறைந்தது, சூடு பாதிக்குப் பக்கமாக விழுந்துவிட்டது. வோல்ட் இறங்கினால் கூடவே ஆம்ப்ஸும் இறங்கும், இரண்டையும் பெருக்கித்தானே வாட்? தகட்டில் உள்ள 2000 என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டும். காயிலுக்கு மாறாமல் இருப்பது அதன் ஓம்.

சரி, வோல்ட் எங்கே போனது? கெய்சரை அணைத்துவிட்டு அளந்தால் 205, போட்டால் 170. இடையில் போகும் 35 வோல்ட்டை 6.4-ஆல் வகுத்தால் ஒயரிலேயே ஐந்தரை ஓம் இருக்கிறது. அதாவது 224 வாட் தோட்டத்து வழியெல்லாம் வீணாகச் சூடாகிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கிவிட்டு ஒயரைப் பின்தொடர்ந்தேன். சில்வர் ஓக் மரத்தடியில், முறுக்கிச் சுற்றிய ஒரு ஜாயிண்ட். இன்சுலேஷன் டேப் பழுப்பேறி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. இப்படி மூன்று ஜாயிண்ட். ஒயரும் 1.5 ஸ்கொயர் எம்எம், அந்தத் தூரத்துக்குப் போதவே போதாது.

ஜாயிண்டே இல்லாமல் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் இழுத்தோம். இப்போது கெய்சர் முனையில் 197 வோல்ட், 7.4 ஆம்ப்ஸ். 1458 வாட் கிடைக்கிறது. முக்கால் மணியில் அப்பா குளித்துவிடுகிறார்.

அம்மாபேட்டையிலிருந்து:

அண்ணா, உங்கள் கணக்கு காயிலுக்குச் சரி. தறி மோட்டாருக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள், நான் போட்டுக் குழம்பியவன். எங்களுடையது 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். 230 வோல்ட், 6 ஆம்ப்ஸ், பெருக்கினால் 1380. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, தறியை மட்டும் ஓடவிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணினேன். 3200 முறை சிமிட்டினால் 1 யூனிட் என்று எங்கள் மீட்டரில் அச்சிட்டிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 51 சிமிட்டல். 1 யூனிட் என்றால் 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது, அப்படிக் கணக்குப் போட்டால் 956 வாட்தான் வருகிறது. மோட்டாரில் கரண்ட் வோல்ட்டுக்குக் கொஞ்சம் பின்தங்கி வரும், அதனால் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். 956-ஐ 1380-ஆல் வகுத்தால், இங்கே அது 0.69.

இன்னொன்று, வோல்ட் இறங்கினால் கெய்சர் ஆம்ப்ஸைக் குறைக்கும், லோடில் ஓடும் மோட்டார் கூட்டும். அதே வேலையை இழுத்தாக வேண்டுமே. சாயங்கால நேரத்துக் குறைந்த வோல்ட்டில் எங்கள் மோட்டார் இரண்டு முறை காயில் எரிந்து, ரீவைண்டிங்குக்குப் போனது. இரண்டு முறையும் ஒரு வாரம் தறி நின்றது.

ஓமலூரிலிருந்து:

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு பெண் 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்து, "சார், 40 ஓம்தான் காட்டுது, இதுக்குக் கணக்குப் போட்டா 1300 வாட்டுக்கு மேல வருதே!" என்றாள். அருமையான கேள்வி. எரியும்போது அந்த டங்ஸ்டன் இழை 529 ஓம் ஆகிவிடும், சூட்டில் அதன் மின்தடை அத்தனை மடங்கு ஏறும். கெய்சர் காயிலின் நிக்ரோம் கம்பியில் அந்த ஏற்றம் மிகக் குறைவு. அதனால்தான் உங்களுக்கு ஆறிய காயிலில் அளந்ததும் ஓடும்போது வகுத்ததும் ஒத்துப்போயின.

ஏற்காட்டிலிருந்து:

அம்மாபேட்டைத் தம்பி சொன்னதைப் படித்ததும் காபிப் பழத்தின் தோலை நீக்கும் எங்கள் பல்ப்பர் மோட்டார் நினைவுக்கு வந்தது. தையில் காபிப் பழம் அரைக்கும்போது சாயங்காலத்தில்தான் கை வைக்க முடியாமல் சூடாகும். அதற்கு இன்னமும் அந்தப் பழைய ஒயர்தான் போகிறது. நாளைக்கு ஓடவிட்டு வோல்ட், ஆம்ப்ஸ், மீட்டர் சிமிட்டல் மூன்றையும் குறித்து இங்கேயே எழுதுகிறேன்.