லூப் ஓடும்போதே லிஸ்டில் கை வைத்தால்: இட்டரேட்டர் அனுபவங்கள்

இட்டரேட்டரோடு (லிஸ்டில் உள்ளவற்றை வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஆப்ஜெக்ட்) பட்ட அனுபவங்களை ஆளுக்கொன்று எழுதுவோம் என்று பேசியிருந்தோமே, ஜாவாவிலிருந்து நான் தொடங்குகிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆர்டர்களைக் கையாளும் ஒரு புரோகிராம். ரத்தான ஆர்டர்களை அரே லிஸ்டிலிருந்து (உறுப்புகளை அடுத்தடுத்த இடங்களில் வைக்கும் லிஸ்ட்) நீக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒருமுறை ஓடும் ஃபார்-ஈச் லூப், உள்ளே ஒரு இஃப், ரத்தாகியிருந்தால் லிஸ்டின் ரிமூவ். டெஸ்டில் மூன்று ஆர்டர்கள், நடுவில் இருப்பது ரத்தானது. டெஸ்ட் பாஸ். புரொடக்‌ஷனுக்குப் போனதும் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன், அதாவது ‘ஒரே நேரத்தில் மாற்றம்’ என்று பெயர் கொண்ட பிழை. பெயரைப் பார்த்துவிட்டு த்ரெட் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டம்) பிரச்சினைதான் என்று, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் சின்க்ரனைஸ்டு போட்டுப் பார்த்தார்கள். போகவில்லை. அங்கே ஓடியதே ஒரு த்ரெட்தான்.

ஃபார்-ஈச் என்று எழுதினாலும் கம்பைலர் அடியில் இட்டரேட்டரைத்தான் வைக்கிறது. அது பிறக்கும்போதே லிஸ்டின் மாட்கவுன்ட் எண்ணை (உறுப்புகளைச் சேர்த்தும் நீக்கியும் லிஸ்ட் எத்தனை முறை மாறியது என்ற கணக்கு) குறித்துக்கொள்ளும். லிஸ்டை நேரடியாக அழைத்து ஒன்றை நீக்கினால் அந்த எண் ஏறிவிடும். அடுத்த உறுப்பைக் கேட்டு நெக்ஸ்ட் அழைக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது, எக்ஸெப்ஷன் விழும்.

அப்படியானால் டெஸ்டில் ஏன் விழவில்லை? ஜாவாவின் சோர்ஸைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. இன்னும் உறுப்பு உண்டா என்று சொல்லும் ஹேஸ்நெக்ஸ்ட் மாட்கவுன்டைப் பார்ப்பதே இல்லை. கர்சரும் (அடுத்து எடுக்க வேண்டிய இடத்தின் எண்) சைஸும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. மூன்றில் இரண்டாவதை எடுத்ததும் கர்சர் 2, சைஸும் 2. முடிந்தது என்று லூப் வெளியே வந்துவிட்டது. மூன்றாவது ஆர்டரை யாரும் தொடவே இல்லை. அதுவும் ரத்தானதாக இருந்திருந்தால் சத்தமே இல்லாமல் உள்ளே தங்கியிருக்கும். எக்ஸெப்ஷனைவிட இந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசிக்கு முந்தையதை நீக்கினால் எப்போதும் இதே கதைதான்.

நீக்குவதை இட்டரேட்டரின் ரிமூவ் வழியாகச் செய்தால் கர்சரையும் எண்ணையும் அதுவே சரிசெய்துகொள்ளும். ஒரு நெக்ஸ்டுக்கு ஒரு ரிமூவ், அவ்வளவுதான் அனுமதி. 2014-இல் வந்த ஜாவா 8-இல், நிபந்தனைக்குப் பொருந்துபவற்றையெல்லாம் நீக்கும் ரிமூவ்இஃப் இருக்கிறது. அரே லிஸ்டுக்கு நான் அதையே சொல்வேன். இட்டரேட்டரின் ரிமூவ் ஒவ்வொரு முறையும் பின்னால் உள்ளதையெல்லாம் ஓரிடம் முன்னே நகர்த்தும். ரிமூவ்இஃப் எது எது போக வேண்டும் என்று முதலில் குறித்துவிட்டு மொத்தமாக நகர்த்தும்.

மறுமொழி:

அண்ணா, கடைசிக்கு முந்தைய விஷயம் இன்றுதான் தெரியும். உடனே ஓட்டிப் பார்த்தேன், அப்படியே வருகிறது!

நான் பார்த்தது வேகம் பற்றியது. பழைய ரிப்போர்ட் ஒன்று லிங்க்டு லிஸ்டை (ஒவ்வொரு உறுப்பும் பக்கத்து உறுப்புகளைச் சுட்டும் சங்கிலி போன்ற லிஸ்ட்) 0-விலிருந்து எண் போட்டு, கெட் வழியாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. லிங்க்டு லிஸ்டில் கெட் ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள முனையிலிருந்து எண்ணிக்கொண்டே போகும். 10,000 உறுப்புகள் என்றால் சராசரியாக 2,500 அடி, மொத்தம் இரண்டரைக் கோடி. இட்டரேட்டருக்கு 10,000 அடி போதும், ஏனென்றால் நின்ற இடத்தை அது கையில் வைத்திருக்கிறது. லூப்பை ஃபார்-ஈச்சாக மாற்றினோம், ரிப்போர்ட் சட்டென்று வந்தது.

மறுமொழி:

பைத்தானில் இதைவிட மோசம், தோழர்களே. டிக்‌ஷனரியை (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) லூப்புக்குள் சேர்த்தோ நீக்கியோ அளவை மாற்றினால் ரன்டைம் எரர் வரும். லிஸ்டிலோ எதுவுமே வராது. ஒன்றை நீக்கினால் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடும், லூப் அதைத் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு ரத்தானவை இருந்தால் இரண்டாவது தப்பித்துக்கொள்ளும். அதனால் எங்கள் குழுவில் நீக்குவதே கிடையாது, வேண்டியதை மட்டும் வைத்துப் புது லிஸ்ட் கட்டுகிறோம்.

இன்னொன்று ஜெனரேட்டர், அதாவது மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக உருவாக்கித் தருவது. சக ஊழியர் ஒருவர் முதலில் அதை சம்முக்குக் கொடுத்துக் கூட்டுத்தொகை எடுத்தார், பிறகு அதையே லூப்பில் ஓட்டினார். லூப் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. ஜெனரேட்டரே ஒரு இட்டரேட்டர். ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். லிஸ்ட் அப்படியல்ல, கேட்கும்போதெல்லாம் புது இட்டரேட்டர் தரும்.

மறுமொழி:

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். தம்பி சொன்ன ஜெனரேட்டர் ஒவ்வொரு மதிப்பையும் வெளியே தரப் பயன்படுத்தும் யீல்டு, 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய சிஎல்யு மொழியிலேயே இருந்தது. அங்கே அதன் பெயரே இட்டரேட்டர். மாணவர்களுக்கு நான் ரெடிமேட் கிளாஸைக் காட்டுவதில்லை. சொந்தமாக ஒரு லிங்க்டு லிஸ்ட் எழுதி, அதற்கு ஹேஸ்நெக்ஸ்டும் நெக்ஸ்டும் எழுதச் சொல்வேன். பிறகு ஒரே லிஸ்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் ஓட்டச் சொல்வேன். உள் லூப் கர்சரைக் கடைசிக்கே கொண்டுபோய்விடுவதால், கர்சரை லிஸ்டுக்குள்ளேயே வைத்தவர்களின் புரோகிராம் அங்கே நின்றுவிடும். நின்ற இடத்தைத் தனி ஆப்ஜெக்டில் ஏன் வைக்க வேண்டும் என்று அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்பதில்லை.

மறுமொழி:

ஒரு சந்தேகம். உண்மையிலேயே பல த்ரெட் இருந்தால்?

தொடங்கியவர்:

காப்பி ஆன் ரைட் அரே லிஸ்ட் பாருங்கள். இட்டரேட்டர் உருவான கணத்தில் இருந்த நிலையையே காட்டும், எக்ஸெப்ஷன் வராது. ஆனால் அதன் இட்டரேட்டரில் ரிமூவ் வேலை செய்யாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு அரேயையும் நகலெடுப்பதால், படிப்பது அதிகமாகவும் எழுதுவது அரிதாகவும் உள்ள இடத்துக்கு மட்டும்.