இரும்பு ரேக்குகள் நிறைந்த கூடத்தில் வைஃபை சிக்னலை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். 60 மீட்டர் நீளக் கூடம், கூரை உயரம் 9 மீட்டர், நடுவில் 5 மீட்டர் உயரத்துக்கு இரும்பு ரேக்குகள், ஓரத்தில் பிரஸ் இயந்திரங்கள். ஆக்சஸ் பாயிண்டை (வைஃபை சிக்னலை அனுப்பும் பெட்டி) தூணில் இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டியிருக்கிறோம். அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், அனுப்பும் சக்தி 20 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு). வெட்டவெளிக் கணக்குப்படி 40 மீட்டரில் −52 டிபிஎம் வரவேண்டும் (பூஜ்ஜியத்திலிருந்து கீழே போகப்போக சிக்னல் பலவீனம்). ஆனால் ரேக்குகளுக்கு நடுவே −60க்கும் −75க்கும் இடையே ஆடுகிறது, லேப்டாப்பை நாலு விரல் நகர்த்தினாலே 10 டிபி (அதாவது பத்தில் ஒரு பங்காக) விழுகிறது, ஸ்கேனர் ஒரு ஷிஃப்டில் ஐந்தாறு முறை அறுந்துபோய் ஆட்கள் பெட்டி எண்ணைக் கையால் எழுதுகிறார்கள். இன்னும் நாலு ஆக்சஸ் பாயிண்ட் வாங்கி மாட்டும் முன் கணிக்க வழி உண்டா?

பதில் 1:
வாங்காதீர்கள் சார், முதலில் உயரத்தைப் பாருங்கள். வெட்டவெளிக் கணக்கு அங்கே செல்லாது. மொபைல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டிஆர் 38.901 ஆவணத்தில் தொழிற்கூடங்களுக்கென்றே தனி மாதிரிகள் இருக்கின்றன. தடைகள் 40 சதவீதத்துக்கு மேல் அடர்ந்திருக்கிறதா, ஆன்டெனா தடைகளுக்குக் கீழா மேலா என்று பிரித்துக் கணக்கிடுவார்கள். உங்களுடையது அடர்த்தியான இடத்தில் கீழே இருக்கும் ஆன்டெனா. 40 மீட்டரில் வழியில் ஏற்படும் இழப்பு சுமார் 83 டிபி, அனுப்பும் 20லிருந்து அதைக் கழித்தால் −63. ஆனால் அது நடுமதிப்புதான், இடத்துக்கு இடம் மாறும் சிதறல் (திட்டவிலக்கம்) 7.2 டிபி. பத்தில் ஒன்பது இடங்களிலாவது கிடைக்க வேண்டுமென்றால் இன்னும் 9 கழியுங்கள், −72. நீங்கள் அளந்ததும் ஏறக்குறைய அதுதானே! அதே ஆன்டெனா ரேக்குகளுக்கு மேலே போனால் இழப்பு 76, சிதறல் 4. ஆக நடுமதிப்பு −56, அதே மாதிரி சிதறலுக்கு 5 கழித்தால் −61 வரை நம்பலாம்.

பதில் 2:
நாலு விரல் விஷயம்: 2.4இல் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். இரும்பில் பட்டுத் திரும்பும் அலைகள் பாதி அலைநீளத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் ஒரே இடத்தில் நின்று எடுத்த எண்ணை நம்பவே வேண்டாம், இரண்டு மூன்று மீட்டர் மெதுவாக நடந்தபடி எடுங்கள். ரேக்கில் சரக்கு நிறைந்திருக்கும்போது, இயந்திரம் ஓடும்போது எடுங்கள். அப்புறம், சிக்னல் அளவு மட்டும் தரம் ஆகாது, மறு அனுப்பல் (போய்ச் சேராத தரவைத் திரும்ப அனுப்புவது) சதவீதத்தையும் பாருங்கள். ஸ்கேனர் அனுப்பும் சக்தி பெரும்பாலும் 20க்குக் குறைவுதான், அது பேசுவது ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேட்கிறதா என்பதுதான் பல இடங்களில் சிக்கலே.

கேட்டவர்:
கத்தரி லிஃப்டில் ஏறி ஆக்சஸ் பாயிண்டை 7 மீட்டரில் தற்காலிகமாகக் கட்டிப் பார்த்தோம். நடந்து எடுத்ததில் பெரும்பாலும் −58, மோசமான இடத்தில் −66. மறு அனுப்பல் 31 சதவீதத்திலிருந்து 9க்கு வந்துவிட்டது. ரொம்ப நன்றி. இரண்டு பிரஸ்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மட்டும் இன்னும் −78.

பதில் 1:
நாலு பக்கமும் இரும்பென்றால் மேலிருந்து எட்டாது. அங்கே மட்டும் தனியாக ஓர் ஆக்சஸ் பாயிண்டை, வேறு சேனலில், சக்தியைக் குறைத்து வையுங்கள். கூட்டி வைத்தால் ஸ்கேனர் பள்ளத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அதையே பிடித்துத் தொங்கும்.