சூரைமீன் குழம்பு: முதற்பால் விட்டதும் திரையுது, எங்க பிழை?

வெள்ளவத்தை_அடுப்பு:
அம்மம்மாவின் கொப்பியில இருக்கிற மீன்குழம்பு. அளவு ஒண்டும் இல்லை. "புளி கண்ணளவு, முதற்பால் கடைசியில, கொதிக்கவிடாதே" எண்டு மட்டும் கிடக்கு. (முதற்பால் எண்டது தேங்காய்ப்பூவை முதல்தரம் பிழிஞ்ச கட்டிப்பால், இரண்டாம்பால் தண்ணி விட்டுத் திரும்பப் பிழிஞ்சது.) நான் செய்யிறது இப்பிடி: சூரை அரைக்கிலோ, ஒரு அங்குலத் துண்டு. சின்னவெங்காயம் 12, பச்சைமிளகாய் 3, வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, றம்பை (வாசனை இலை) தாளிச்சு, இரண்டாம்பால் ஒன்றரைக் கப், யாழ்ப்பாணத் தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு, மீன். மூடி 15 நிமிசம். பிறகு பழப்புளிக் கரைசலையும் முதற்பாலையும் ஒண்டா விட்டு, உடனே அடுப்பை நூத்துப்போடுவன். மண்சட்டி, காஸ் அடுப்பு. ஒவ்வொரு தரமும் பால் திரைஞ்சு வெள்ளைத் துகளா மிதக்குது, மீன் சக்கை மாதிரி வருது. அடுப்புத்தான் நூந்துபோச்சே, பிறகேன் திரையுது?

கப்பிப்பால்:
அடுப்பு நூந்தாலும் சட்டி நூரேல்லை. மண்சட்டி இறக்கின பிறகும் ஒண்டு ரெண்டு நிமிசம் தளதளவெண்டு கொதிக்கும், அதுதான் உங்கட முதற்பாலைக் கொதிக்க வைக்குது. தேங்காய்ப்பாலில கொழுப்பைத் தண்ணியோட பிரியாமல் பிடிச்சிருக்கிறது புரதம். 80 பாகை தாண்டினா அது இறுகத் தொடங்கும். புளிப்பு ஏறினாலும் கட்டிபடும். நீங்கள் சூட்டையும் புளியையும் ஒரே நேரத்தில குடுக்கிறியள், பால் என்ன செய்யும்?

புளியை முன்னுக்குக் கொண்டு வாங்கோ. "கண்ணளவு" எண்டது அரைக்கிலோ மீனுக்குச் சின்னத் தேசிக்காயளவு, நிறுத்தா 20 கிராம் வரும். அரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு வடிச்சு, வெங்காயம் வதங்கினதும் தூளோட சேர்த்து விடுங்கோ. பச்சைப்புளி மணம் போகுமட்டும் 5 நிமிசம் கொதிக்கட்டும். பிறகு இரண்டாம்பால். அது தண்ணிப்பால், கொழுப்புக் குறைவு, கொஞ்சம் திரைஞ்சாலும் தூளுக்குள்ள தெரியாது. உப்பும் இந்த இடத்திலயே போடவேணும், கடைசியில போட்டா மீனில சாராது.

குழம்பு நல்லாக் கொதிச்ச பிறகுதான் மீன். ஒரு அங்குலச் சூரைத் துண்டுக்கு 6 முதல் 8 நிமிசம் காணும். சூரையில கொழுப்புக் குறைவு, அதை 15 நிமிசம் அவிச்சா சக்கை வராமல் வேறென்ன வரும்? மூடியும் வேண்டாம். மூடியில கோக்கிற ஆவித் தண்ணி திரும்பச் சட்டிக்குள்ள விழுந்து குழம்பைத் தளர்த்திப்போடும். அகப்பையை ஒருக்கா வைச்சிட்டா திரும்ப எடுக்காதேங்கோ, சட்டியின்ர விளிம்பைத் துணியால பிடிச்சு ஒரு சுழட்டுச் சுழட்டினாப் போதும்.

இறக்கி, கொப்புளம் முழுக்க அடங்குமட்டும் பொறுங்கோ. 3 நிமிசம் பிடிக்கும். அரைக் கப் முதற்பாலுக்குள்ள ரெண்டு கரண்டி சூட்டுக் குழம்பை விட்டுக் கலக்கி, அந்தக் கலவையைத்தான் சட்டிக்குள்ள ஊத்தவேணும். சூட்டுச் சட்டிக்குள்ள குளிர்பெட்டிப் பாலை நேரா ஊத்தினா அம்மம்மா வந்தாலும் காப்பாற்றேலாது.

வெந்தயம் பொன்னிறம் தாண்டினாக் கசக்கும். தூளிலயும் வெந்தயம் இருக்கு, கால் தேக்கரண்டிக்கு மேல போகாதேங்கோ.

கொறக்கா:
மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா சூரைக்கு ஏன் முதற்பால்? பால் குழம்புக்குப் பாரை, விளை, காசிருந்தால் அறக்குளா. சூரையும் கெலவல்லாவும் (மஞ்சள்துடுப்புச் சூரை) கொறக்காப்புளிக்கு (குடம்புளி) பிறந்த மீன். தெற்குப் பக்கத்து அம்புல்தியல் (தண்ணி வத்தவைக்கிற புளி மீன்கறி) முறையில செய்து பாருங்க, பால் பிரச்சினையே இல்லை.

அரைக்கிலோவுக்குக் கொறக்கா 6 சுளை. அரை மணித்தியாலம் சுடுதண்ணியில ஊறப்போட்டு மைபோல அரைக்கணும். மிளகு ஒரு மேசைக்கரண்டி, உப்பு ரெண்டு தேக்கரண்டி, உள்ளி 4 பல், கறுவா ஒரு துண்டு. எல்லாத்தையும் துண்டுகளில பூசி, வாழையிலை விரிச்ச மண்சட்டியில ஒரே அடுக்கா அடுக்கி, அரைக் கப் தண்ணி விட்டு, சின்ன நெருப்பில தண்ணி வத்துமட்டும் வைக்கணும். ஒரு தரம் திருப்பினால் போதும். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், புளி உலோகத்தைத் தின்று கறியில உலோகச் சுவை ஏறும்.

வெள்ளவத்தை_அடுப்பு:
ரெண்டையும் செய்து பாக்கிறன். பேலியகொடைச் சந்தையில ரெண்டு கிலோவா வாங்கி மிச்சத்தைக் குளிர்பெட்டியில வைக்கிறனான். கொறக்காவில போட்டால் ரெண்டாம் மூண்டாம் நாள் மீனும் பரவாயில்லைத்தானே? போனதரம் துண்டு நாக்கில மிளகு மாதிரிச் சுறுக்கெண்டது, அது தூளாலயோ?

பலநாள்படகு:
தூளால் இல்லாமலும் இருக்கலாம், இதைக் கவனமாக வாசியுங்கள். சூரை, கெலவல்லா, கும்பளா (கானாங்கெளுத்தி) போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் குளிரில்லாமல் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் உருவான பிறகு அவித்தாலும் பொரித்தாலும் அழியாது, கொறக்காவும் அதை எடுத்துவிடாது. முகம் சிவத்தல், தலையிடி, சொறி, வயிற்றோட்டம் ஆகியவை சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் வரும். நாக்கில் மிளகுச் சுறுக்கு, அவித்த சதையில் தேன்கூடு போன்ற ஓட்டைகள், இந்த இரண்டில் ஒன்றிருந்தாலும் சட்டியோடு கொட்டுங்கள். மணம் நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், ஹிஸ்டமினுக்கு மணமில்லை. மூச்சுத் திணறினால் வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்கக் கூடாது.

பேலியகொடைக்கு வரும் பெரிய சூரையில் பல, பலநாள் படகில் ஐஸில் வாரக்கணக்காக இருந்தவை. ஐஸ் அறாமல் வந்திருந்தால் குறையில்லை. சந்தையிலிருந்து வெள்ளவத்தைக்கு வாகன நெரிசலில் வரும் ஒரு மணித்தியாலம்தான் கெடுக்கும். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் நொறுக்கிய ஐஸோடு போங்கள். வீட்டில் 4 பாகைக்குக் கீழே வையுங்கள், மறுநாளுக்குள் சமைக்காவிட்டால் முதல் நாளே உறையவிடுங்கள். உறைந்ததைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள், சமையல் மேசையில் வேண்டாம்.

கப்பிப்பால்:
அது சரி. இன்னொண்டு: தேசிக்காய் பிழிஞ்சு கனநேரம் ஊறவைச்சுக் கழுவுறவையும் இருக்கினம். புளிப்பில சதை வெளுத்து இறுகிப்போகும், அதுவும் சக்கைக்கு ஒரு காரணம். உப்புத் தண்ணியில ரெண்டு அலசு போதும்.

வெள்ளவத்தை_அடுப்பு:
பெட்டிப்பால் பாவிச்சா?

கப்பிப்பால்:
அதில பால் பிரியாமல் இருக்கப் பசை சேர்த்திருக்கும், லேசில திரையாது. அரைக் கப்பை அப்பிடியே முதற்பாலாப் பாவியுங்கோ. இன்னொரு அரைக் கப்புக்கு ஒரு கப் தண்ணி விட்டா இரண்டாம்பால். தேங்காய்ப்பூ பிழிஞ்ச பாலின்ர மணம் மட்டும் வராது.